தொப்பையோட பெடல் போடலாம் பாஸ்!

'முதல்ல வெயிட்டைக் குறைப்போம், அப்புறமா சைக்கிளைத் தொடுவோம்'னு தள்ளிப் போடுற பார்ட்டியா நீங்க? உங்க பயம் சைக்கிளைப் பார்த்து இல்லீங்க... டீக்கடை பெஞ்சைப் பார்த்து! 'டேய், சைக்கிள் பாவம்டா'னு ஒருத்தன் கமென்ட் அடிச்சா, அந்த வாரமே காலி.

இந்தப் பயத்தை ஒரு மாவட்டமே ஜெயிச்சிருக்கு. 1990-களின் தொடக்கத்துல, புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோட சைக்கிளும் கத்துக்கொடுத்துச்சு. காது கூசுற கேலியெல்லாம் கேட்டாங்க. ஆனா, ஒருத்தர் ஓட்டினாத்தானே வேடிக்கை? ஆயிரக்கணக்குல ஓட்டினா யாரைப் பார்த்துச் சிரிக்கிறது!

ஸோ, முதல்ல ஒரு கூட்டாளியைப் பிடிங்க. பிளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிள் மூலையில துருப்பிடிச்சுக் கிடக்கா? அதுவே போதும். ரெண்டு டயர்லயும் காத்து ஃபுல்லா இருக்கணும். பெடல் கீழே போறப்ப முழங்கால் லேசா மட்டும் மடங்குற மாதிரி ஸீட்டை ஏத்துங்க. ஸீட் தாழ்ந்தா முழங்கால் வலிக்கும். ஓடுறதைவிட இது மூட்டுக்கு நல்லது, உங்க பாரத்தை ஸீட் தாங்கிக்கும்.

திருச்சுழி பக்கம் ரோட்டுல பெருசா மேடு கிடையாது. வெயில்தான் வில்லன். சீமைக்கருவேல நிழலை நம்பாம, விடிஞ்சதும் கிளம்பிடுங்க. முதல் வாரம் பதினைஞ்சு நிமிஷம் போதும்.

நாளைக்குக் காலைல ஆறு மணி... கூட யாரைக் கூட்டிட்டு வர்றீங்க?