இணையவழிக் கற்றல்: கணினிக்கு அப்பால் மிஞ்சியிருக்கும் இடைவெளி

கொவிட்-19 பரவலால் சிங்கப்பூர்ப் பள்ளிகள் 2020 ஏப்ரல் 8ஆம் தேதி முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அன்று பல வீடுகளில் எழுந்த முதல் கேள்வி பாடத்தைப் பற்றியது அன்று. வீட்டில் எத்தனை கணினி இருக்கிறது, எந்தப் பிள்ளை எந்த மேசையில் உட்காருவது என்பதே பெரிய கவலை.

கணினி இல்லாத மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு மடிக்கணினிகளையும் இணைய இணைப்புக் கருவிகளையும் இரவல் தந்தது. அத்தியாவசியச் சேவைகளில் பணியாற்றிய பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் திறந்திருந்தன. தொடங்கிய வேகத்தில் ஸூம் வகுப்பு ஒன்றில் அந்நியர்கள் ஊடுருவியதால், ஆசிரியர்கள் அச்செயலியைப் பயன்படுத்துவது நிறுத்திவைக்கப்பட்டது. பாதுகாப்பு வலுப்படுத்தப்பட்ட பிறகே மீண்டும் அனுமதி கிடைத்தது.

ஆனாலும் பாடம் நின்றுபோகவில்லை. 2018ஆம் ஆண்டே எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்ட மாணவர் கற்றல் தளம் கைகொடுத்தது.

அந்த நெருக்கடி ஒரு பெரிய மாற்றத்தையும் விரைவுபடுத்தியது. உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் சொந்தக் கற்றல் கருவி என்ற இலக்கு முதலில் 2028ஆம் ஆண்டுக்கு வைக்கப்பட்டிருந்தது. அது 2021ஆம் ஆண்டுக்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. மாணவர்கள் எடுசேவ் கணக்கிலிருந்து கட்டணம் செலுத்தலாம். வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. உயர்நிலைப் பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் மாதத்திற்கு ஏறத்தாழ இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

ஆக, கருவி இல்லாத குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. தீராமல் இருப்பது வேறு.

பக்கத்தில் யார் இருக்கிறார்?

இணையப் பாடத்தின் பெரிய வசதி, புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம் என்பதே. வகுப்பில் கை உயர்த்தக் கூச்சப்படும் மாணவருக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் எது புரியவில்லை என்று தெரிந்தவருக்குத்தான் அந்த வசதி பயன்படும். அதுகூடத் தெரியாமல் திணறும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் அந்த ஒருவர் இருப்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் துணைப்பாட ஆசிரியர் கிடைப்பார். வாடகை வீட்டில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு? மடிக்கணினி இருவரிடமும் ஒன்றாக இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள நேரமும் துணையும் ஒன்றல்ல.

தமிழுக்குக் கூடுதல் சிக்கல்

தமிழ் மாணவர்களுக்கு இதில் இன்னொரு கோணம் உண்டு. தமிழ் கற்பிக்கப்படாத பள்ளிகளில் படிப்போர், பள்ளி முடிந்தபின் வேறு மையத்திற்குப் போய்த் தமிழ் படிக்கின்றனர். லிட்டில் இந்தியாவுக்கு அருகே பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அத்தகைய மையங்களில் முக்கியமானது. தீவின் மறுகோடியிலிருந்து பேருந்தும் ரயிலும் மாறி வரும் மாணவருக்கு இணைய வகுப்பு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஆனால் அந்த அலைச்சலோடு இன்னொன்றும் போய்விடக்கூடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2010ஆம் ஆண்டில் அது 3.3 விழுக்காடாக இருந்தது. ஆங்கிலம் பேசுவோரோ 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்துள்ளனர்.

வீட்டில் தமிழ் குறையும்போது, சக வயதினரோடு தமிழில் பேசக் கிடைக்கும் இடமாகத் தமிழ் வகுப்பே மிஞ்சுகிறது. திரையில் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கும்போது மட்டும் பேசும் மாணவர் பாடத்தை முடித்துவிடலாம். பக்கத்து இருக்கை நண்பரோடு தமிழில் சிரித்துப் பேசும் பழக்கம் அப்படி வராது. தாய்மொழி வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துக் கருத்துரைக்கும் பகுதி இருக்கிறது. காணொளியை இணையம் தரும், கருத்துச் சொல்லும் நாவைப் பயிற்சிதான் தரும்.

எதை எங்கே வைப்பது?

வாசிப்பு, கேட்டல், இலக்கணப் பயிற்சி ஆகியவற்றைத் திரைக்கு விடலாம். பேச்சையும் விவாதத்தையும் நேரடி வகுப்புக்கு வைத்துக்கொள்வதே தமிழுக்கு நல்லது. வீட்டில் துணை இல்லாத பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்து கற்கும் நாள்களில் உட்கார்ந்து படிக்க இடமும், கேட்டால் சொல்லித்தர ஓர் ஆளும் பேட்டைக்குள்ளேயே கிடைக்க வேண்டும். 1991ல் தொடங்கப்பட்ட சிண்டா போன்ற அமைப்புகளின் துணைப்பாட வகுப்புகளோடு, நூலகங்களும் சமூக மன்றங்களும் தொண்டூழியர்களும் இதில் கைகோக்க முடியும்.

பெற்றோரும் பாடம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்கும் கொஞ்சம் சொல்லு" என்று தமிழில் கேட்டால் போதும். சொல்லத் தொடங்கும் பிள்ளைக்குத் தனக்குப் புரிந்தது எது, புரியாதது எது என்று தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்திற்கு இணைய இணைப்பும் தேவையில்லை.