343-க்குப் பிறகும் நீளும் பட்டியல்

தீயணைப்பு வீரர் வேலைக்குக் கிளம்பினால், வீட்டில் எல்லோருக்கும் ஒரு காது போன் மேலேயே இருக்கும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 வீரர்கள் வீடு திரும்பவில்லை. பலரின் உடல்கூட கிடைக்கவில்லை.

சரி, திரும்பி வந்தவர்கள் தப்பித்தார்களா? அதுவும் இல்லை.

உலக வர்த்தக மைய இடிபாடுகளை அகற்றும் பணி 2002 மே வரை நடந்தது. அந்தத் தூசியில் சிமென்ட், கண்ணாடித் துகள், கல்நார் எல்லாமே கலந்திருந்தன. ஆனால் அந்தக் காற்றைச் சுவாசிக்கலாம் என்று ஒரே வாரத்தில் சொல்லிவிட்டது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பிறகு வந்தது நுரையீரல் நோய், புற்றுநோய். இந்த நோய்களால் இறந்த நியூயார்க் தீயணைப்பு வீரர்களின் எண்ணிக்கை இன்று 343-ஐத் தாண்டிவிட்டது.

சிகிச்சைக்கான ஸட்ரோகா சட்டம் கையெழுத்தானது 2011 ஜனவரியில்தான். இழப்பீட்டு நிதியை 2090 வரை நீட்டிக்க 2019 ஆகிவிட்டது. அதுவரை நோயாளிகளும் குடும்பத்தினரும் வாஷிங்டனுக்கு அலைந்துகொண்டே இருந்தார்கள்.

ஹீரோ என்று கொண்டாட ஒரு நாள் போதும். ஆனா, அந்த ஹீரோ வீட்டில் இருமிக்கொண்டிருக்கும்போது மருந்துச் செலவை யார் பார்ப்பது? குடும்பம் கெஞ்சிக் கேட்கும் முன்பே அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.