பூஜ்யம் வாங்கினால் சந்தோஷம்!



வெள்ளரிக்காய் நறுக்கும்போது, காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி அம்மா வாயில் போட்டுப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சில சமயம் முகம் அஷ்டகோணலாகிவிடும். அந்தக் கசப்பு, பூச்சிகளை விரட்ட செடி செய்து கொண்ட ஏற்பாடு. ஆனால், அமெரிக்காவில் இருக்கும் வெள்ளரி வண்டுகளுக்கு அந்தக் கசப்புதான் பாயசம்! நம்ம ஊர் பூசணிக் கொடியில் இலையை ஓட்டை போடுகிறதே சிவப்பு வண்டு... அதற்கு இவை தூரத்துச் சொந்தம்.

இந்தக் குடும்பத்தில் ஒருவர், மக்காச்சோளத்தின் பக்கம் போய்விட்டார். நீளம் சுமார் 6 மில்லி மீட்டர்தான். 1868ல் இந்த வண்டுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்தபோது, யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. 1909ல் கொலராடோ மாநிலத்தில் சோள வயலைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் விழித்துக் கொண்டனர்.

பறக்கும் வண்டைவிட, அதன் குட்டிப் புழுதான் பொல்லாதது. கோடை முடியும்போது வண்டு மண்ணுக்குள் முட்டையிடும். குளிர்காலம் முழுக்க முட்டை தூங்கும். அடுத்த ஆண்டு சோளம் வேர் விடும் நேரத்தில் புழு வெளியே வந்து, வேரைக் கடித்துத் தின்னும். வேர் போனால் செடி நிற்குமா? ஒரு காற்று அடித்தால் போதும், வயலே சாய்ந்துவிடும்.

விவசாயிகள் ஒரு யுக்தி செய்தனர். ஒரு வருடம் மக்காச்சோளம், மறு வருடம் சோயா. முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு சோள வேர் கிடைக்காது. சோயா வேரைத் தின்று பிழைக்கவும் தெரியாது. பட்டினிதான்! மருந்து செலவே இல்லாத வைத்தியம். பல ஆண்டுகள் நன்றாகத்தான் வேலை செய்தது.

ஆனால், எல்லா வண்டும் ஒரே மாதிரியா இருக்கும்? நம் வகுப்பில் கூட, வரிசையை விட்டு ஓடும் ஒரு வால் இருக்குமே! அப்படி வழி மாறிய சில வண்டுகள், சோயா வயலில் போய் முட்டையிட்டன. அடுத்த வருடம் அங்கே சோளம் முளைத்தது. அவற்றின் குஞ்சுகளுக்கு விருந்து! ஒழுங்காகச் சோள வயலிலேயே முட்டையிட்ட வண்டுகளின் வம்சம் குறைய, வழி மாறியவற்றின் வம்சம் பெருகியது. 1990களில் இலினாய், இண்டியானா மாநிலங்களில் இவற்றால் பெரும் சேதம். இன்னொரு வகை வண்டோ, அதைவிட சாமர்த்தியம். அதன் முட்டைகளில் சில, ஒன்றுக்கு இரண்டு குளிர்காலம் மண்ணிலேயே காத்திருந்து, சோளம் திரும்பி வரும் வருடத்தில் பொரிக்கின்றன!

2003ல் புழுவைக் கொல்லும் மரபணு மாற்றிய சோளம் வந்தது. 'இனி கவலை இல்லை' என்று சிலர் பயிரை மாற்றுவதையே விட்டு, ஒரே வயலில் வருடா வருடம் அதையே விதைத்தனர். எனக்கு வண்டைவிட இந்த அவசரத்தின் மீதுதான் கோபம். 2009லேயே அயோவா மாநில வயல்களில், அந்தச் சோளத்தையும் தின்று வாழும் புழுக்கள் வந்துவிட்டன.

இப்போது அங்கே என்ன செய்கின்றனர் தெரியுமா? கோடையில் சில செடிகளைத் தோண்டி எடுத்து, வேரை தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, எவ்வளவு கடிபட்டிருக்கிறது என்று மார்க் போடுகின்றனர். பூஜ்யம் முதல் மூன்று வரை. மூன்று மார்க் என்றால் மூன்று அடுக்கு வேரும் காலி. பூஜ்யம் வாங்கினால், விவசாயி வீட்டில் அன்று சந்தோஷம்!

அன்புடன்,
ஆசிரியர்