மார்பில் அணியும் காமிரா

மோட்டார் பந்தயத்திலும் மலையேற்றத்திலும் பிரியமுள்ள வாலிபர்கள் இப்போது உடம்பில் அணியும் சிறு காமிராவுக்காகப் பெற்றோரை நச்சரிக்கிறார்கள். பணம் கொடுக்கிறவர்கள் சற்று யோசித்தே கொடுக்க வேண்டும் என்போம்.

இவ்வகைக் காமிராவைப் பிரபலமாக்கிய அமெரிக்கர் நிக் உட்மன், கடலலைச் சறுக்கலில் மோகம் கொண்டவர். 2004-ல் அவர் விற்ற முதல் 'கோப்ரோ', பிலிம் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. அந்த வம்சம் வெகுவாக வளர்ந்துவிட்டது. 2023-ல் வந்த இரண்டை மட்டும் ஒப்பிடுவோம். 'இன்ஸ்டா360 கோ 3' வெறும் 35 கிராம். சட்டைக்குள் தொங்கும் காந்தத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தனியே சுமார் முக்கால் மணி நேரமே ஓடும். தண்ணீரில் 5 மீட்டர் ஆழம் தாங்கும். 'ஹீரோ 12 பிளாக்' 154 கிராம். 10 மீட்டர் தாங்கும். படமும் அதிக நுட்பமாக விழும். குலுக்கலை அடக்கும் வித்தை இரண்டிலும் உண்டு. நீண்ட பந்தயத்துக்கும் ஆழ்ந்த நீருக்கும் பெரியது; மலையேற்றத்துக்குச் சிறியது.

எதை வாங்கினாலும், எங்கே மாட்டுவது என்பதே முக்கியம். 2013 டிசம்பரில் மோட்டார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பிரான்ஸில் பனிச்சறுக்கும்போது விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். அவரது தலைக்கவசத்தில் காமிரா இருந்தது. அதில் பதிந்த காட்சியை விசாரணையாளர் ஆராய நேர்ந்தது. வழவழப்பான கவசத்தின்மீது கடினமான பொருளொன்றைத் துருத்த விடுவது விவேகமன்று. மார்பிலோ வண்டியிலோ மாட்டட்டும்.

தவறிய படத்தை இன்னொரு நாள் பிடித்துக்கொள்ளலாம். தலைக்கு மாற்று எந்தக் கடையிலும் விற்பதில்லை.