எல்லைக்கு அந்தப்பக்கம் ஒயின், இந்தப்பக்கம் மாங்காய்

ஓசூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் சென்ற மே மாதம் விசித்திரமான உதவி ஒன்று கேட்டார். அத்திப்பள்ளியில் உள்ள அவருடைய அடுக்ககத்தில் ஒயின் சுவைக்கும் விருந்து. உடன் என்ன பரிமாறலாம்? பாலாடைக்கட்டி, ஆலிவ் காய், உப்பிட்ட பன்றி இறைச்சி என்று இணையத்தில் எடுத்த பட்டியல் கைவசம் வைத்திருந்தார். நான் மது அருந்துபவன் அல்லன். உணவைப் பற்றி எழுதுகிறேன் என்பதால் கேட்டிருக்கிறார்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின். கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சி அதைத் தணிக்கும். மிளகாய்க் காரமோ மதுவின் எரிச்சலைக் கூட்டிவிடும். ஆகவே, மிளகாயைக் குறைத்த ஆட்டுக்கறி வறுவல் போதும் என்றேன். வெள்ளை ஒயினுக்கு அதைவிடப் புளிப்பு மிகாத உணவு வேண்டும். செங்காயாக உள்ள பெங்களூரா மாங்காயைக் கீற்றுகளாக்கி உப்பு தூவலாம். வறுத்த நிலக்கடலை, கொள்ளுச் சுண்டல், ராகி ரொட்டி. எல்லாமே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிடைப்பவை.

அந்த உணவு ஜூஜூவாடியைத் தாண்டித் தடையின்றிச் சென்றது. மிஞ்சிய ஒயின் புட்டியை அதே வழியில் ஓசூருக்குக் கொண்டுவந்திருந்தால் வழக்காகியிருக்கும். 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு - சேவை வரி மாநில எல்லைகளைப் பெருமளவு அழித்தபோதும், அருந்தும் மது அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. மாநிலங்கள் விட்டுக்கொடுக்காத வருவாய் அது.

இந்த மண்ணுக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்கு அருகில்தான் இருக்கிறது. சென்னை மாகாணப் பிரதமராக 1937 அக்டோபர் 1 அன்று அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்; இன்றைய கிருஷ்ணகிரி அன்று அதன் பகுதி. இன்றோ சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில். 2023இல் மண்டபங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் மது பரிமாறச் சிறப்பு உரிமம் வழங்கும் விதி வெளியானதும் எதிர்ப்பு கிளம்ப, திருமண மண்டபங்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. மது விற்கும் அரசே அது பந்திக்கு வருவதைக் கண்டு கூசுகிறது.

கர்நாடகம் வேறு வழியில் சென்றது. நந்தி மலையடிவாரத்தில் 1980களின் இறுதியிலேயே பிரெஞ்சுத் திராட்சை வகைகள் பயிராகின. 2007இல் தனி ஒயின் கொள்கையும் வாரியமும் வந்தன. திராட்சை விவசாயியின் நலனே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பேரங்காடிகளில் ஒயின் விற்க 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தபோதும் அதே நியாயம்தான் முன்வைக்கப்பட்டது. குடிப்பதைப் பெருக்கித்தான் உழவரைக் காக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆனால், விளைபொருளுக்கு மதிப்புக் கூட்டுவதைக் கொள்கையாகவே எழுதிவைத்தார்களே, அதைக் குறைசொல்ல மாட்டேன்.

நம் மாங்காய்க்கு அப்படி ஒன்று இல்லை. பெங்களூரா ரகத்தின் பெரும்பகுதி கூழ் ஆலைகளை நம்பியிருக்கிறது. 2025இல் விலை சரிந்தபோது, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் தன் விவசாயிகளைக் காக்கப் பிற மாநில மாங்காய்க்குத் தடை போட்டது. ஒயினுக்கு மட்டும் என்று நாம் நினைத்திருந்த எல்லை மாங்காய்க்கும் எழுந்தது. கர்நாடக முதல்வர் ஆந்திரத்துக்குக் கடிதம் எழுதினார். அம்மாநில விவசாயிகளுக்கு விலை வேறுபாட்டுத் தொகை வழங்க மத்திய அரசு ஒப்புதலும் அளித்தது. ஜூஜூவாடிக்கு இந்தப்பக்கமும் மரத்தில் தொங்கியது அதே ரகம்தான்.

நண்பர் மாங்காய்க்கு நன்றி சொன்னார். கிலோ என்ன விலை என்று கேட்டேன். வேலையாளை அனுப்பி வாங்கியதாகவும், விலையைக் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். பாலாடைக்கட்டியின் விலை மட்டும் அவருக்கு நினைவிருந்தது.