பாதிக் கேள்வி தப்பாகுற மாதிரி இருக்கா? நர்ஸ் அக்காக்களே, அந்தத் தேர்வே அப்படித்தான்!

"86-வது கேள்வி ஸ்கிரீன்ல வந்ததும் கை சில்லிட்டுப் போச்சு தம்பி. அதுக்கப்புறம் எதைப் படிச்சேன், எதை க்ளிக் பண்ணேன்னே ஞாபகம் இல்ல."

ஒரத்தநாட்டைச் சேர்ந்த நர்ஸ் அக்கா ஒருவர் சொன்னது இது. தஞ்சாவூரில் தனியார் மருத்துவமனையில் வேலை. அப்பாவுக்குக் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். போன முறை சென்னைக்குப் போய் 'என்கிளெக்ஸ்' எழுதித் தோற்றுவிட்டு, இப்போது மறுபடி தயாராகிறார். பெயர் வேண்டாம் என்றார். கூட டூட்டி பார்ப்பவர்களுக்கே அவர் எழுதியது தெரியாதாம்.

நம் ஊரில் நர்ஸிங் படிப்பை முடித்தால், தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போய்விடலாம். அமெரிக்கா, கனடா போக வேண்டுமென்றால் உரிமத்துக்கு என்கிளெக்ஸ் எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டு நர்ஸ்களுக்கு இதைத்தான் வைத்திருக்கிறது. பதிவுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேலும் 150. நம் காசில் ஏறத்தாழ 30,000 ரூபாய். தோற்றால் 45 நாள் காத்திருந்து, மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும். அக்கா முதல் முறை கட்டியது சங்கிலியை அடகு வைத்த பணம். சங்கிலி இன்னும் கடையில்தான் இருக்கிறது.

சரி, 86-வது கேள்வியில் அப்படி என்ன பூதம்?

இந்தத் தேர்வில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. நேரம் 5 மணி நேரம். 85-லேயே கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் பாஸ், தாண்டினால் அவ்வளவுதான் என்று ஒரு பேச்சு கோச்சிங் வட்டாரத்தில் சுற்றுகிறது. அக்காவைச் சாய்த்தது அந்தப் பேச்சுதான். அது உண்மையே இல்லை.

1994-லிருந்து என்கிளெக்ஸ் எழுதுபவருக்கு ஏற்ப மாறும் தேர்வு. நீங்கள் சரியாகப் பதில் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும், தப்பாகச் சொன்னால் கொஞ்சம் சுலபமாக வரும். எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்துத் தராசு முள் நேராக நிற்கும் இடத்தைத் தேடுகிற மாதிரிதான். உங்களுக்குச் சரியாகவும் போகலாம், தப்பாகவும் போகலாம் என்கிற பாதிக்குப் பாதி கேள்வியாகப் பார்த்தே கம்ப்யூட்டர் எடுத்துப் போடும். அதனால் நன்றாகப் படித்தவருக்கும் 'பாதி போச்சே' என்றுதான் தோன்றும். ஸ்கூலில் 95 வாங்கிப் பழகிய பிள்ளைகள் இங்கேதான் உடைந்துபோகிறார்கள்.

தகுதிக் கோட்டுக்கு மேலேயா, கீழேயா என்று 95 சதவிகிதம் உறுதியாகும்வரை கேள்விகள் வந்துகொண்டிருக்கும். 85-ல் நின்றாலும் பாஸாகவோ ஃபெயிலாகவோ இருக்கலாம். 86 வந்தால், 'இன்னும் முடிவாகவில்லை, சொல்லு' என்று கம்ப்யூட்டர் கேட்கிறது என்றுதான் அர்த்தம். இன்னொன்று, முதல் 85-ல் 15 கேள்விகளுக்கு மார்க்கே கிடையாது. பின்னால் சேர்க்கப்போகும் கேள்விகளுக்கு வெள்ளோட்டம் அது. சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி வந்தால் அந்த ரகமாகக்கூட இருக்கலாம், விட்டுத் தள்ளுங்கள். பழைய கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது. அதனால் 23-வதை நினைத்து 24-வதில் அழுவதில் பிரயோஜனம் இல்லை.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்கா ஒரு மாதிரிக் கேள்வியைச் சொன்னார். நான்கு நோயாளிகள். ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலி தாங்கவில்லை. ஒருவருக்கு இதயக் கோளாறு, பல வாரமாகக் கால் வீக்கம். ஒருவருக்கு நிமோனியா, காலையிலிருந்து குழப்பமாகப் பேசுகிறார். ஒருவர் டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்கிறார். யாரை முதலில் பார்ப்பீர்கள்?

"வார்டுல வலின்னு கத்துறவங்ககிட்டதான் முதல்ல ஓடுவேன் தம்பி. அட்டெண்டர் வேற சண்டைக்கு வந்துடுவாங்கல்ல!" என்று சிரித்தார். பதில், நிமோனியா நோயாளி. புதிதாக வந்த குழப்பம், மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். மனப்பாடம் செய்து எழுதிப் பழகியவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்விதான் திணறல். அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து, ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் தொடர்ந்து வரும் கேஸ் ஸ்டடிகள் வேறு சேர்ந்திருக்கின்றன.

இந்த முறை அக்கா படிப்பை மாற்றியிருக்கிறார். நைட் டூட்டி முடிந்த பகலில் புத்தகத்தைத் தொடுவதில்லை, தூக்கம்தான். தினமும் கொஞ்சம் கேள்விகள். தப்பானது ஒவ்வொன்றுக்கும் ஏன் தப்பு என்று நோட்டில் ஒரு வரி. வார விடுமுறையில் எழுந்திருக்காமல் 150 கேள்வி. பதறும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுகிறார். "ஊசி போடுறப்போ பேஷன்ட்டுங்ககிட்ட தினம் நூறு தடவ சொல்றேன், எனக்குச் சொல்லிக்கத் தெரியல பாருங்க" என்றார்.

முக்கியமாக ஒன்று. அடையாளத்துக்கு பாஸ்போர்ட் வேண்டும், அதிலுள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் அப்படியே பொருந்த வேண்டும். நமக்குத்தான் இனிஷியல் தொல்லை ஆச்சே! சர்டிஃபிகேட்டில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர். பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் எந்த மூச்சுப்பயிற்சியும் உதவாது.

அடுத்த தேதி வாங்கியாகிவிட்டது. போன தடவை உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க முழித்துப் போய், அப்படியே தேர்வு மையத்துக்குள் நுழைந்தாராம். இந்தத் தடவை இரண்டு நாள் முன்னாலேயே தாம்பரத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறார். பயிற்சி எடுக்கும் லேப்டாப்பில் கேள்வி எண் தெரிகிற மூலையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. எத்தனாவது கேள்வி என்று பார்க்காமல் இருக்கப் பழகுகிறாராம்.