பவர் மட்டும் பார்த்தால் போதுமா?

"கண் டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று கேட்டால் நம்மூரில் பலர் சொல்கிற பதில், "ஆச்சு, பவர் மாறலையாம்!" என்பதுதான். பவர் பார்ப்பது கண் பரிசோதனையில் ஒரு பகுதி மட்டுமே. அதோடு எழுந்து வருவது, கல்லாப்பெட்டியை மட்டும் எண்ணிவிட்டு வருஷக் கணக்கை முடித்த மாதிரி.

சரி, முழுப் பரிசோதனையில் என்னதான் நடக்கும்?

முதலில் எழுத்துப் பலகை. 1862ல் ஸ்னெல்லன் என்ற டச்சு டாக்டர் உருவாக்கியது. 6/12 என்றால், மற்றவர்கள் 12 மீட்டரிலிருந்து படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்குக் கிட்டே வந்துதான் படிக்க முடிகிறது என்று அர்த்தம். கண்ணாடிக் கடையின் இலவச டெஸ்ட் பெரும்பாலும் பவரோடு முடிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் அடுத்தது கண் அழுத்தம். 10 முதல் 21 வரை இருந்தால் பொதுவாகச் சரி. சில இடங்களில் கண்ணில் 'புஸ்' என்று காற்றடித்துப் பார்ப்பார்கள். திடுக்கிடும், வலிக்காது. பிறகு சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிய அரைமணி உட்கார வைத்து, விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்ப்பார்கள். அதன்பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், புத்தகம் மங்கலாகத் தெரியும், வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஆள் வேண்டும்.

இதற்குத்தான் பலரும் நழுவுகிறார்கள். அரைநாள் போகிறதே! நியாயம்தான். ஆனால் க்ளாக்கோமா பெரும்பாலும் வலியில்லாமல் வருகிறது. ஓரப் பார்வையை முதலில் தின்கிறது, நேர்ப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். பலகையில் 6/6 படிப்பவருக்கும் அது இருக்கலாம். அழுத்தம் சரியாக இருப்பவருக்குக்கூட வரலாம், அதனால்தான் நரம்பைப் பார்க்க வேண்டும். போன பார்வை திரும்பாது. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பதும் ஆரம்பத்தில் தெரியாது. அவர்கள் வருஷம் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.

காசில்லை என்பதும் காரணமாகாது. அரசு ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு உண்டு. 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த், ஏழைகளுக்கு இலவசமாகவே பார்க்கிறது.

வீட்டில் நாற்பது தாண்டியவர்கள் இருக்கிறார்களா? அடுத்த முறை டாக்டரிடம் "பவர் என்ன?" என்பதோடு நிறுத்தாமல், "நரம்பு பார்த்தீங்களா?" என்றும் கேளுங்கள்.